திரையில் ஒரு பிரெட்போர்டு: எலக்ட்ரானிக்ஸ் கற்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன விடுமுறையில் சென்னை வந்தபோது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு பிரெட்போர்டு (வயர்களைச் செருகி சர்க்யூட் கட்டும் ஓட்டைப் பலகை), கொஞ்சம் எல்.இ.டி., ஒரு கட்டு ஜம்பர் வயர், 9 வோல்ட் பேட்டரி எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக எல்.இ.டி.யின் இரண்டு காலில் வைத்தான். ஒரு நொடி பளிச்சென்று எரிந்தது, அப்புறம் அணைந்துவிட்டது. அடுத்ததை எடுத்தான். அதுவும் போச்சு. மூன்றாவதும் போன பிறகு, "மாமா, எல்லாமே கெட்டுப்போன லைட்டு" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டான்.

எல்.இ.டி. ஒன்று இரண்டு ரூபாய்தான், அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் போனது என்று அவனுக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம். உண்மையான எல்.இ.டி. சாகும்போது எதையும் சொல்லிவிட்டுச் சாவதில்லை. அன்று மாலை லேப்டாப்பைத் திறந்து, சர்க்யூட்டைத் திரையிலேயே கட்டி இயக்கிப் பார்க்கும் டிங்கர்கேட் என்ற சிமுலேட்டரில் அதே சர்க்யூட்டை அவனையே போடச் சொன்னேன். பேட்டரி, எல்.இ.டி., இரண்டு வயர், அவ்வளவுதான். இயக்கியதும் எல்.இ.டி.யின் மேல் வெடிப்புக் குறி தோன்றியது. மவுஸை அதன் மேல் கொண்டுபோனால் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது, எவ்வளவுதான் தாங்கும் என்று எழுதிக் காட்டியது. பையன் கேட்டான்: "அப்போ எவ்ளோ குறைச்சா தாங்கும்?"

அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகத்தான் மெய்நிகர் பிரெட்போர்டு. அது உண்மையான பிரெட்போர்டுக்கு மாற்று இல்லை. தப்புச் செய்யவும், தப்பு எங்கே என்று எட்டிப் பார்க்கவும் கிடைக்கிற இடம் அது. அதை எப்படிப் பயன்படுத்தினால் உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எந்தக் கருவியில் தொடங்குவது

தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை டிங்கர்கேட் சர்க்யூட்ஸ். ஆட்டோடெஸ்க் நிறுவனத்துடையது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். பிரெட்போர்டு, பேட்டரி, மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளப்பது), ஆசிலோஸ்கோப் (மின்னழுத்தம் மாறுவதை வளைகோடாகக் காட்டுவது), ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை) எல்லாம் நிஜப் பொருளைப் போலவே படமாக வரும். மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரின் மதிப்பை மாற்றினால் அதன் மேலிருக்கும் வண்ணப் பட்டைகளும் சேர்ந்து மாறும். 220 ஓம் என்று போட்டால் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. பட்டைகளைத் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பத்து நாளில் கண்ணுக்கே பழகிவிடும்.

இரண்டாவது, ஃபால்ஸ்டாட் சர்க்யூட் சிமுலேட்டர். பால் ஃபால்ஸ்டாட் என்பவர் ஜாவாவில் எழுதியது, பின்னால் இயன் ஷார்ப் அதைப் பிரவுசருக்கு ஏற்றபடி மாற்றினார். இதில் பிரெட்போர்டு கிடையாது, குறியீட்டு வரைபடம்தான். ஆனால் மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக வயரில் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். நேர் மின்னழுத்தம் உள்ள வயர் பச்சை, எதிர் என்றால் சிவப்பு, பூஜ்யம் என்றால் சாம்பல். கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) நிரம்ப நிரம்பப் புள்ளிகளின் வேகம் குறைந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கணினியில் இறக்கிவைத்து இணையம் இல்லாமலும் ஓட்டலாம். இணைய வசதி சரியில்லாத பள்ளிகளில் இது பெரிய வரம்.

மூன்றாவது வோக்வி. ஊரி ஷக்கெட் உருவாக்கியது. ஆர்டுயினோ, இ.எஸ்.பி.32, ராஸ்பெரி பை பிக்கோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு (நிரல்படி இயங்கும் சிறு கணினிச் சிப்) நிரல் எழுதிப் பார்க்க இதைவிட வசதியானது நான் கண்டதில்லை. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வோக்வி டிஜிட்டல் பக்கத்தைத்தான் அக்கறையாகக் கணக்கிடும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி. போட்டாலும் அது பாட்டுக்கு எரியும். அதனால் மின்னோட்டம், மின்னழுத்தம் கற்க வோக்வியில் தொடங்காதீர்கள்.

முதல் படி: ஓட்டைகளைப் புரிந்துகொள்வது

பிரெட்போர்டு என்ற பெயர் ரொட்டி வெட்டும் பலகையிலிருந்து வந்தது. ரேடியோ ஆர்வலர்கள் அந்தக் காலத்தில் மரப்பலகையில் ஆணி அடித்து, வயர் சுற்றி சர்க்யூட் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் வடிவம், சால்டரிங் தேவைப்படாதது, 1971இல் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரொனால்ட் போர்ச்சுகல் வடிவமைத்தது.

அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது புதியவருக்கு எப்போதுமே புதிர். நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தைந்து ஓட்டைகள் அடியில் ஒரே உலோகப் பட்டையால் இணைந்திருக்கும். ஓரங்களில் நீளவாட்டில் ஓடும் இரண்டு வரிசைகள் மின்சாரம் கொடுப்பதற்கு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். ஐ.சி.யின், அதாவது சிப்பின், கால்களும் அதே இடைவெளியில் இருப்பதால்தான் பள்ளத்தின் குறுக்கே கச்சிதமாக உட்காருகிறது.

டிங்கர்கேட்டில் ஒரு சிறிய பிரெட்போர்டை இழுத்துப் போடுங்கள். மவுஸை ஏதாவது ஓர் ஓட்டையின் மேல் வைத்தால் அதோடு இணைந்த மற்ற ஓட்டைகளும் பச்சையாக ஒளிரும். மேலே, கீழே, ஓரத்தில், பள்ளத்தின் இரு பக்கமும் என ஐந்து நிமிடம் இதையே செய்யுங்கள். பிளாஸ்டிக்கின் உள்ளே எட்டிப் பார்ப்பது போலத்தான் இது. நிஜப் பலகையில் இதைத் தெரிந்துகொள்ள மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பீப் ஒலி கேட்க வேண்டும், அல்லது பின்புற ஸ்டிக்கரை உரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தப்பு. ஒரு ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் ஒரே ஐந்து ஓட்டை வரிசையில் செருகுங்கள். ரெசிஸ்டர் அங்கே இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. அடியில் இருக்கும் உலோகப் பட்டை வழியாகவே மின்னோட்டம் போய்விடும். நான் பார்த்தவரை புதியவர்களின் 'ஏன் எரியவில்லை' என்ற கேள்விகளில் பாதி இந்த ஒரு தப்பில்தான் முடிகிறது.

இரண்டாம் படி: முதலில் எழுது, பிறகு இயக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் சிமுலேஷன் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு நோட்டில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர் வரும், எத்தனை வோல்ட் இருக்கும் என்று எண்ணாகவே எழுதுங்கள். எழுதாமல் இயக்கினால் திரை காட்டுவதைப் பார்த்து 'ஆமாம், நானும் அப்படித்தான் நினைத்தேன்' என்று மனசு ஏமாற்றிவிடும். எழுதிவிட்டு இயக்கினால் தப்பு கையும் களவுமாகப் பிடிபடும்.

எல்.இ.டி.யில் தொடங்கலாம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக. டிங்கர்கேட் படத்தில் எல்.இ.டி.யின் வளைந்த கால்தான் நேர்முனை. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தனக்காக எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். ஓம் விதிப்படி 7ஐ ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

1000 ஓம் என்றால் 7 மில்லி ஆம்பியர். 470 ஓம் என்றால் சுமார் 15. 220 ஓம் என்றால் சுமார் 32. நோட்டில் எழுதியாயிற்றா? சரி, இப்போது மல்டிமீட்டரை இழுத்துப் போட்டு, ஆம்பியர் அளக்கும் நிலைக்கு மாற்றி, எல்.இ.டி.க்கும் ரெசிஸ்டருக்கும் நடுவில் உள்ள இணைப்பைப் பிரித்து அதன் இடையில் வையுங்கள். மூன்று மதிப்புகளையும் மாற்றி மாற்றி இயக்குங்கள். உங்கள் எண்ணும் திரையின் எண்ணும் மிக அருகில் இருக்கும். அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஏனென்றால் எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் வோல்ட் மின்னோட்டத்தோடு கொஞ்சம் கூடும், குறையும். 220 ஓமில் எச்சரிக்கைக் குறி வரும். பரிந்துரைக்கப்பட்ட 20 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிட்டீர்கள், எல்.இ.டி.யின் ஆயுள் குறையலாம் என்று சொல்லும். கடைசியில் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வெடிப்பையும் பாருங்கள். என் தங்கை மகன் அதை ஏழெட்டு முறை வெடிக்கவிட்டான், நான் தடுக்கவில்லை.

மீட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆம்பியர் நிலையில் இருக்கும் மீட்டரை பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால் அது வெறும் வயர் மாதிரிதான், ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். திரையில் வைத்துப் பாருங்கள், தாறுமாறான எண் காட்டும். நிஜத்தில் மீட்டரின் உள்ளிருக்கும் ஃப்யூஸ் போய்விடும். என் முதல் மல்டிமீட்டரின் ஃப்யூஸ் அப்படித்தான் போனது. வோல்ட் அளக்கக் குறுக்கே வை, ஆம்பியர் அளக்க நடுவே வை. இந்தப் பழக்கம் திரையிலேயே கைக்கு வந்துவிட்டால் நல்லது.

மூன்றாம் படி: மின்னழுத்தப் பகிர்வு என்ற பள்ளிக்கூடம்

சிமுலேட்டர் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்று எனக்குப் புரியவைத்தது இந்தச் சர்க்யூட்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

9 வோல்ட்டின் குறுக்கே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போடுங்கள். நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்கும். பாடப்புத்தகம் சொல்வதும் அதுதான், திரை காட்டுவதும் அதுதான். இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை தோன்றும். '4.5 வோல்ட் வேண்டுமென்றால் இரண்டு ரெசிஸ்டர் போதுமே, எதற்கு வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர்?' எனக்கும் தோன்றியது.

சரி, அந்த 4.5 வோல்ட்டை ஏதாவது ஒரு பொருளுக்குக் கொடுத்துப் பார்ப்போம். பொருளுக்குப் பதில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுப்புள்ளிக்கும் தரைக்கும் (பேட்டரியின் எதிர்முனையைத்தான் தரை என்கிறோம்) இடையில் இணையுங்கள். இயக்குவதற்கு முன் கணிப்பை எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் 4.5 என்றுதான் எழுதுவார்கள், சிலர் கொஞ்சம் குறைத்து 4 என்பார்கள்.

மீட்டர் காட்டுவது 0.75 வோல்ட்.

அந்த எண்ணைப் பார்த்த முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வயர் தப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்ப்பார்கள். வயர் சரியாகவே இருக்கும். நடந்தது இதுதான்: கீழே இருந்த 10 கிலோ ஓமும் புதிதாக வந்த 1 கிலோ ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்து சுமார் 909 ஓம் ஆகிவிட்டன. மேலே 10,000, கீழே 909. ஒன்பது வோல்ட்டில் கீழ்ப் பங்கு முக்கால் வோல்ட்தான். சுமை வந்ததும் பகிர்வு சரிந்துவிட்டது.

அடுத்து வரும் யோசனை, பகிர்வு ரெசிஸ்டர்களைச் சிறிதாக்கலாமே என்பது. நல்ல யோசனை, உடனே செய்து பாருங்கள். இரண்டு 10 கிலோ ஓமையும் 100 ஓமாக மாற்றினால் அதே சுமையோடு 4.29 வோல்ட் வரும். சரியாகிவிட்டது போல இருக்கிறது, இல்லையா? இப்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பாருங்கள். சுமையே இல்லாமல்கூட 45 மில்லி ஆம்பியர் வீணாக ஓடுகிறது. ஒரு சாதாரண 9 வோல்ட் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது. அதோடு ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.2 வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டர் கால் வாட் வகை. விளிம்பில் நிற்கிறது.

இந்தச் சூடு திரையில் தெரியாது. இதே சர்க்யூட்டைப் பிறகு நிஜப் பலகையில் கட்டி, ஒரு நிமிடம் கழித்து ரெசிஸ்டரை விரலால் தொட்டுப் பாருங்கள், சுள்ளென்று இருக்கும். எண்ணைத் திரை சொன்னது, அந்த எண்ணுக்குச் சூடு உண்டு என்று விரல் சொல்லும். இரண்டும் சேர்ந்துதான் பாடம்.

இந்த நான்கு மாற்றங்களைத் திரையில் செய்ய பத்து நிமிடம் ஆகும். நிஜத்தில் கட்டிப் பிரித்து அளந்து செய்தால் ஒரு மணி நேரம், நடுவில் ஒரு வயர் கழன்றால் இன்னும் அரை மணி. 'இதை மாற்றினால் என்ன ஆகும்' என்று கேட்க ஒரு மணி நேரம் செலவாகும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பத்து விநாடியில் பதில் வரும் என்றால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிமுலேட்டரின் மதிப்பை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நான்காம் படி: காலத்தைப் பார்ப்பது

ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் எல்லாம் உடனே நடந்துவிடும். கெப்பாசிட்டர் வந்தவுடன்தான் நேரம் என்ற ஒன்று உள்ளே வருகிறது. 10 கிலோ ஓமும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக, 9 வோல்ட்டில். இரண்டையும் பெருக்கினால் 10 விநாடி. அந்தப் பத்தாவது விநாடியில் கெப்பாசிட்டரில் முழு அளவில் 63 சதவீதம், அதாவது சுமார் 5.7 வோல்ட் இருக்க வேண்டும். ஐம்பது விநாடியில் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

டிங்கர்கேட்டில் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது திரையில் ஓடும் சிமுலேஷன் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும், கைக்கடிகாரத்தை அல்ல. சர்க்யூட் சிக்கலாக ஆக சிமுலேட்டர் நிஜ நேரத்தைவிட மெதுவாக ஓடும். காரணம் எளிமையானது. உள்ளே அது ஒவ்வொரு சிறு நேரத் துளிக்கும், ஒவ்வொரு சந்திப்புப் புள்ளிக்கும் கிர்க்காஃப் விதிப்படி (உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே போவதும் சமம்) சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கிறது. 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஸ்பைஸ் என்ற நிரல் இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று சிப் வடிவமைக்கிறவர்கள் பயன்படுத்தும் கருவிகளின் வேர்களும் அங்கேதான். உங்கள் பிள்ளை திரையில் ஓட்டும் எல்.இ.டி. சர்க்யூட்டும் தொழிற்சாலைக்குப் போகும் சிப்பும் அடிப்படையில் ஒரே வகைக் கணக்கைத்தான் கடந்து வருகின்றன.

இதே சர்க்யூட்டை ஃபால்ஸ்டாட்டிலும் ஒருமுறை வரைந்து பாருங்கள். அங்கே வளைகோடு உடனே கிடைக்கும், புள்ளிகள் மெதுவாவதும் தெரியும்.

ஐந்தாம் படி: ஆர்டுயினோ

ஆர்டுயினோ ஊனோவை டிங்கர்கேட்டில் இழுத்துப் போட்டு, பிளாக் அடுக்கியோ எழுதியோ நிரல் கொடுக்கலாம். 13ஆம் பின்னில் (பின் என்பது பலகையின் இணைப்பு முனை) எல்.இ.டி.யை மினுக்குவதை எல்லோரும் செய்வார்கள், நீங்களும் செய்துவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது பட்டன். ஒரு பட்டனை ஒரு பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மட்டும் இணைத்து, பின்னின் நிலையைச் சீரியல் மானிட்டரில் (ஆர்டுயினோ அனுப்புவதைக் காட்டும் சாளரம்) அச்சிடுங்கள். அழுத்தினால் 1. விட்டால்? விட்டதும் அந்தப் பின் எதோடும் இணைந்திருக்காது, அந்தரத்தில் தொங்கும். சிமுலேட்டரில் அது அமைதியாக 0 என்று நிற்கலாம். நிஜப் பலகையில் கையை அருகில் கொண்டுபோனாலே 0, 1, 1, 0 என்று ஆடும். திரையில் அழகாக ஓடிய நிரல் நிஜத்தில் பைத்தியம் பிடித்தது போல் நடக்கும் முதல் அனுபவம் பலருக்கு இதுதான். தீர்வு, பின்னைத் தரையோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கட்டிவைப்பது. அல்லது பட்டனைத் தரைப்பக்கம் இணைத்து, பின்னை 5 வோல்ட்டோடு கட்டிவைக்க சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரை நிரலில் இயக்கிக்கொள்வது. இரண்டாவது வழியில் அழுத்தினால் 0, விட்டால் 1 என்று தலைகீழாக வரும், குழம்பாதீர்கள்.

பட்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை அழுத்தினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு சில மில்லி விநாடிக்குத் துள்ளித் துள்ளித்தான் அமரும். அழுத்தல்களை எண்ணும் நிரல் எழுதினால் ஒன்றுக்குப் பதில் நாலு என்று எண்ணும். இதைக் கற்க வோக்விக்குப் போங்கள். அங்கே பட்டன் இயல்பாகவே இப்படித் துள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, வேண்டாமென்றால் அமைப்பில் நிறுத்திக்கொள்ளலாம். நிஜத்தின் ஒரு குறையை யோசித்துத் திரைக்குள் கொண்டுவந்த அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்து மோட்டார். ஆர்டுயினோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. சிறிய பொம்மை மோட்டார்கூட அதைவிட அதிகம் கேட்கும். அதனால் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும், மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடும் (ஒரே திசையில் மட்டும் மின்னோட்டம் விடுவது) வேண்டும். அணைக்கும் கணத்தில் மோட்டாரின் சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ஃபால்ஸ்டாட்டில் ஒரு இண்டக்டர் (கம்பிச் சுருள்), ஒரு ஸ்விட்ச் போட்டு, டையோடு இல்லாமலும் இருந்தும் அணைத்துப் பாருங்கள். வளைகோட்டில் அந்தக் கூர்முனை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தவர் யாரும் டையோடை மறக்க மாட்டார்.

திரை சொல்லாமல் விடுவது

திரையில் இருக்கும் பிரெட்போர்டில் எல்லா ஓட்டையும் இறுக்கமாகப் பிடிக்கும். நிஜத்தில் பழைய பலகையின் பிடி தளர்ந்திருக்கும், வயர் செருகியது போல் தெரியும், தொட்டிருக்காது. சில நீளமான பலகைகளில் ஓர மின்வரிசை நடுவில் அறுந்து இரண்டு பாதியாக இருக்கும், சிவப்புக் கோடு விட்டுப்போன இடத்தைக் கவனிக்காவிட்டால் பாதிச் சர்க்யூட்டுக்கு மின்சாரமே போகாது. அடுத்தடுத்த உலோகப் பட்டைகளுக்கு இடையே சில பிக்கோஃபாரட் அளவு கெப்பாசிட்டன்ஸ் தானாகவே இருக்கும். எல்.இ.டி.க்கு அது ஒரு பொருட்டில்லை, ரேடியோ அலை சர்க்யூட்டுக்கு அதுவே வினை.

மல்டிமீட்டரும் ஒரு சுமைதான். சாதாரண டிஜிட்டல் மீட்டர் வோல்ட் அளக்கும்போது ஏறத்தாழ 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளியை 9 வோல்ட்டில் அளந்தால் 4.5 வராது, 4.29தான் வரும். நம்பிக்கை இல்லையென்றால் சிமுலேட்டரில் மீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு 10 மெகா ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் படியில் பார்த்த அதே சரிவுதான், இந்த முறை அளக்கிற கருவியாலேயே வருகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், பெற்றோரும் படியுங்கள். சிமுலேட்டரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மின்மூலத்தை வைத்து, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதைச் சுவர் பிளக்கிலிருந்து பிரெட்போர்டுக்கு ஒருபோதும் கொண்டுவராதீர்கள். திரையில் 9 வோல்ட்டும் 230 வோல்ட்டும் ஒரே மாதிரி வயராகத்தான் தெரியும், உடம்புக்கு அப்படி இல்லை. நிஜப் பலகையில் பேட்டரி, அல்லது யூ.எஸ்.பி. 5 வோல்ட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: ஒரே சர்க்யூட், இரண்டு பலகை

ஒரே சர்க்யூட்டைத் திரையிலும் நிஜத்திலும் கட்டிப் பார்க்க, எல்.இ.டி.யைத் தானாக மினுக்கவைக்கும் 555 டைமர் ஐ.சி. மிகப் பொருத்தம். ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, 1972இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

டிங்கர்கேட்டில் கட்டுங்கள். ஐ.சி. பள்ளத்தின் குறுக்கே. 8ஆம் காலும் 4ஆம் காலும் 9 வோல்ட்டுக்கு, 1ஆம் கால் தரைக்கு. 8க்கும் 7க்கும் இடையில் 1 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் இடையில் 10 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் ஒரு வயரால் இணைத்து, அங்கிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எதிர்முனை தரைப்பக்கம். 3ஆம் காலிலிருந்து 470 ஓம், எல்.இ.டி., தரை.

கணிப்பு: எல்.இ.டி. எரியும் நேரம், 0.693 பெருக்கல் 11 கிலோ ஓம் பெருக்கல் 100 மைக்ரோஃபாரட், அதாவது 0.76 விநாடி. அணைந்திருக்கும் நேரத்தில் 11க்குப் பதில் 10 கிலோ ஓம் மட்டும், எனவே 0.69 விநாடி. ஒரு சுற்று ஏறத்தாழ 1.46 விநாடி. பத்துச் சுற்றுக்கு பதினாலரை விநாடி. சிமுலேட்டரை ஓட்டி, சிமுலேஷன் நேரத்தை வைத்துப் பத்துச் சுற்றை எண்ணிப் பாருங்கள், மிக அருகில் வரும். ஆசிலோஸ்கோப்பை 2ஆம் காலில் வைத்தால் கெப்பாசிட்டர் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்குவது தெரியும். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு. இந்த ஐ.சி.யின் சூட்சுமமே அதுதான்.

இப்போது திரையில் உள்ளதை அப்படியே பார்த்து நிஜப் பலகையில் கட்டுங்கள். டிங்கர்கேட் பொருட்களின் பட்டியலையும் தரும், கடைக்கு அதை எடுத்துப் போகலாம். பட்டியலில் இல்லாத இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஐ.சி.யின் 8ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் நெருக்கமாக வையுங்கள். 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றை 5ஆம் காலிலிருந்து தரைக்குப் போடுங்கள். திரையில் இவை தேவைப்படாது, நிஜத்தில் மின்வரிசையில் வரும் இரைச்சலை இவைதான் அடக்கும்.

கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துப் பத்துச் சுற்றை எண்ணுங்கள். பதினாலரை வராமல் போனால் ஆச்சரியமில்லை. தங்கை மகன் எண்ணியபோது பதினாறே கால் விநாடி வந்தது. "மாமா, திரை பொய் சொல்லுது" என்றான். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் 100 என்று அச்சடித்திருந்தாலும் பொதுவாக 20 சதவீதம் முன்பின் இருக்கலாம், ரெசிஸ்டரின் தங்கப் பட்டைக்கு அர்த்தம் 5 சதவீதம் முன்பின் என்று சொன்னேன்.

ரெசிஸ்டர்களைக் கழற்றி மீட்டரில் அளந்தான். 10 கிலோ ஓம் 9.9 ஆக இருந்தது, 1 கிலோ ஓம் சரியாகவே இருந்தது. அப்படியானால் வித்தியாசம் பெரும்பாலும் கெப்பாசிட்டரில்தான். சூத்திரத்தைத் தலைகீழாக்கிக் கணக்குப் போட்டு 113 மைக்ரோஃபாரட் என்று கண்டுபிடித்தான். பிறகு யாரும் சொல்லாமலே லேப்டாப்பைத் திறந்து, திரையில் இருந்த 100ஐ அழித்து 113 என்று தட்டி, 10ஐ 9.9 ஆக்கி, மறுபடி இயக்கிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.